உப்பளத்தில் தண்ணீர் சிவப்பது கழிவாலா?

கேள்வி, 11 மார்ச் 2023

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் போகும்போது முத்தையாபுரம் தாண்டி உப்பளங்களைப் பார்த்தேன். சில பாத்திகளில் தண்ணீர் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது. பக்கத்துப் பாத்தியில் சாதாரணத் தண்ணீர். ஏதோ தொழிற்சாலைக் கழிவைத் திறந்து விட்டிருப்பார்கள் என்று கூட வந்தவர் சொன்னார். அந்த உப்பைத்தானே சாப்பிடுகிறோம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

11 மார்ச் 2023, இரவு

கழிவு இல்லை. அது உயிரின் நிறம். என் அம்மா 22 வருடம் அளத்தில் வேலை பார்த்தவர், நான் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். இரண்டு பக்கமும் நின்று பார்த்திருப்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் பார்த்தால் மூன்று, மூன்றரை டிகிரி. எங்கள் பக்கம் பல அளங்களில் போர் போட்டு நிலத்தடி உவர்நீரையும் எடுப்பார்கள், அது ஆரம்பத்திலேயே கூடுதல் டிகிரியில் வரும். தெப்பம் என்கிற தேக்கக் குளத்தில் தேக்கி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றி வெயிலில் வற்ற விடுவார்கள். நடுவில் ஜிப்சம் படிந்துவிடும். 25 டிகிரி நெருங்கும்போது கடைசிப் பாத்திக்கு வரும், அங்கேதான் உப்பு இறங்கும். இந்தக் கடைசிக் கட்டத்துத் தண்ணீர்தான் சிவக்கும், அதனால்தான் நீங்கள் பார்த்த பக்கத்துப் பாத்தி சாதாரணமாக இருந்தது. அங்கே தண்ணீர் இன்னும் பழுக்கவில்லை.

சிவப்புக்குக் காரணம் டுனாலியெல்லா என்ற ஒருசெல் பாசி. அதோடு உப்பை விரும்பும் பாக்டீரியாவும் உண்டு. லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் உப்பு கரைந்த தண்ணீரில் மீன் வாழாது, புழு வாழாது, இவை மட்டும் குடும்பம் குடும்பமாக வாழும்.

அம்மாவிடம் இதைக் கேட்டால் பாசி, பாக்டீரியா என்றெல்லாம் சொல்ல மாட்டார். "ஏட்டி, தண்ணி செவந்துட்டுன்னா உப்பு எறங்கப் போவுதுன்னு அர்த்தம்" என்பார். ஹைட்ரோமீட்டர் கணக்குப்பிள்ளை கையில் இருக்கும், இவர்கள் கண்ணிலேயே டிகிரி பார்ப்பார்கள்.

12 மார்ச் 2023

நேற்று அவசரத்தில் பாக்டீரியா என்று எழுதிவிட்டேன், அதைத் திருத்த வேண்டும். பாத்தியில் இருப்பவற்றில் பெரும்பான்மை பாக்டீரியா இல்லை, ஆர்க்கியா. பிளஸ் ஒன் புத்தகத்தில் ஆர்க்கிபாக்டீரியா என்று படித்தோமே, அதே கூட்டம்.

1977இல் கார்ல் வோஸ் என்ற அமெரிக்கர் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்து, மீத்தேன் உண்டாக்கும் சில நுண்ணுயிர்கள் பாக்டீரியாவோடும் சேராது, நம்மோடும் சேராது, தனிக்கிளை என்றார். கொஞ்ச நாளில் உப்பில் வாழ்பவையும், கொதிக்கும் அமில ஊற்றுகளில் வாழ்பவற்றில் சிலவும் அந்தக் கிளையில் வந்து சேர்ந்தன. வெளியிலிருந்து பார்த்தால் பாக்டீரியா மாதிரியே குச்சி குச்சியாக இருக்கும், ஆனால் சவ்வில் உள்ள கொழுப்பின் இணைப்பே வேறு வகை. பாத்தியில் இருக்கும் முக்கியமான ஒன்றின் பெயர் இன்றைக்கும் ஹாலோபாக்டீரியம்தான். வோஸ் வருவதற்கு முன்பே வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. நான் தடுமாறியதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம்.

12 மார்ச் 2023, மாலை

சாப்பிடலாமா என்ற கேள்விக்கு நேற்று பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். சாப்பிடலாம். ஆர்க்கியாவில் எதுவும் மனிதருக்கு நோய் தருவதாக இதுவரை உறுதியாகவில்லை. அதிலும் இவற்றில் பெரும்பாலானவை நம் உடம்புக்குள் தாங்காது. நம் ரத்தத்தில் உப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே, இவற்றுக்கு அது வெறும் பச்சைத் தண்ணீர்.

19 மார்ச் 2023

அம்மாவோடு வேலை பார்த்த ஒரு அக்கா இன்னும் அளத்தில் இருக்கிறார், இன்று ஞாயிற்றுக்கிழமை, அவரிடம் கேட்டு ஒரு பாட்டில் சிவப்புத் தண்ணீர் வாங்கி வந்தேன். கையில் பட்டால் எண்ணெய் மாதிரி வழவழப்பு, காய்ந்ததும் தோல் வெள்ளையாக விறைத்துக்கொள்ளும். வாசனை கடல் வாசனை இல்லை. கொஞ்சம் இனிப்பு கலந்த வாடை மாதிரி, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

லேபில் மலேரியா ஸ்மியர் பார்க்கும் மைக்ராஸ்கோப்தான். பழக்கதோஷத்தில் முதலில் ஸ்லைடில் மெல்லிய பூச்சாக ஸ்மியர் இழுத்து, கிராம் ஸ்டெயின் என்ற சாயம் போட்டு, குழாய்த் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. இளஞ்சிவப்பாக ஒரு கசடு மட்டும். பாட்டில் தண்ணீர் கெட்டுப்போய்விட்டது போல என்று நினைத்து விட்டுவிடப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, கழுவிய தண்ணீர்தான் எல்லாவற்றையும் உடைத்துவிட்டது. உப்பில் வாழ்பவற்றுக்குச் சாயம் போடுவதென்றால் முதலில் அசெட்டிக் அமிலத்தில் செல்களை நிலைப்படுத்தி, உப்பையும் நீக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து சாயமே இல்லாமல் ஒரு சொட்டு வைத்து, கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடியால் மூடி, வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சரைக் கீழே இறக்கி வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். மெல்லிய குச்சிகள், கணக்கே இல்லாமல், நடுங்கிக்கொண்டும் நீந்திக்கொண்டும். இப்படிப்பட்ட பாத்திகளில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடியிலிருந்து பத்துக் கோடி வரை இருக்கும் என்று படித்ததுதான், ஆனாலும் கண்ணால் பார்ப்பது வேறு. நடுநடுவே முட்டை வடிவத்தில் ஆரஞ்சு நிற டுனாலியெல்லா, நம் சிவப்பணுவை விடக் கொஞ்சம் பெரிதாக, இரண்டு சாட்டை இழைகளை வீசிக்கொண்டு குச்சிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு போனது.

பார்த்துக்கொண்டே கவர்ஸ்லிப் ஓரத்தில் ஒரு துளி குடிதண்ணீரை விட்டேன். தண்ணீர் உள்ளே பரவும் எல்லை ஒரு மங்கல் கோடாகத் தெரிகிறது. அந்தக் கோடு எட்டிய இடத்தில் குச்சிகள் வட்டமாக உப்பின, அடுத்த கணம் இல்லை. ஒவ்வொன்றாக இல்லை, கோடு நகர நகர வரிசையாக. டுனாலியெல்லா மட்டும் உருண்டையாக வீங்கி, நீந்துவதை நிறுத்தி, உயிரோடு கிடந்தது.

நாம் குடிக்கும் தண்ணீரைத்தான் விட்டேன். கை தன்னாலே பின்னால் வந்துவிட்டது.

20 மார்ச் 2023

ஏன் உடைகிறது என்று கேட்டிருக்கிறார்கள். ஊறுகாயில் உப்பு போட்டால் ஏன் கெடாது? வெளியே உப்பு அதிகமானால் நுண்ணுயிரின் உள்ளேயிருக்கும் தண்ணீர் வெளியே இழுபட்டு அது சுருண்டுவிடும். இதற்கு ஹாலோபாக்டீரியம் கண்டுபிடித்த வழி, உள்ளேயும் உப்பை நிரப்பிக்கொள்வது. வெளியே சோடியம் குளோரைடு, உள்ளே கிட்டத்தட்ட அதே அளவு பொட்டாசியம் குளோரைடு. இரண்டு பக்கமும் சமம், இழுப்பு இல்லை.

ஆனால் சாதாரணப் புரதம் அவ்வளவு உப்பில் திரிந்துவிடும். அதனால் இதன் புரதங்கள் எல்லாமே அதற்கென்று மாறியவை. மேற்பரப்பு முழுக்க எதிர்மின்னூட்டம் கொண்ட அமிலப் பகுதிகள், அவை உப்போடு சேர்ந்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பை எடுத்துவிட்டால் அந்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளிப் புரதமே அவிழ்ந்துவிடும். செல்லின் மேலுறையும் அப்படித்தான். ஆக, இது உப்பைப் பொறுத்துக்கொள்ளும் உயிர் என்று சொல்வது தப்பு. உப்பு இல்லாவிட்டால் இதற்கு உடம்பே இல்லை.

டுனாலியெல்லாவின் வழி வேறு. உப்பை உள்ளே விடாது, அதற்குப் பதிலாகக் கிளிசராலைத் தயாரித்து நிரப்பிக்கொள்ளும். அதற்கு விறைப்பான செல்சுவரும் கிடையாது, அதனால்தான் தண்ணீர் பட்டபோது வீங்கித் தாக்குப்பிடித்தது. ஒரே பாத்தியில் இரண்டு குடித்தனம், இரண்டு விதமான சமையல்.

2 ஏப்ரல் 2023

இன்னொரு திருத்தம். முதல் நாள் சிவப்புக்குக் காரணம் டுனாலியெல்லா, கூடவே மற்றதும் என்று எழுதினேன். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். டுனாலியெல்லாவின் நிறம் பீட்டா கரோட்டின், கேரட்டில் இருப்பதேதான், அதை எடுப்பதற்காகவே ஆஸ்திரேலியாவிலும் இஸ்ரேலிலும் வளர்க்கிறார்கள். ஆனால் அது செல்லுக்குள் சின்னச் சின்ன உருண்டைகளாக அடைபட்டுக் கிடப்பதால் தண்ணீர் முழுவதற்கும் நிறம் தரும் வேலையில் அதன் பங்கு குறைவு. ஆர்க்கியாவின் நிறமி பாக்டீரியோரூபெரின், அது செல்லின் சவ்வு முழுக்கப் பரவியிருக்கும், எண்ணிக்கையும் பல மடங்கு. கடைசிப் பாத்தியின் ரோஸ் நிறம் பெரும்பாலும் அதுதான். நான் பாட்டில் தண்ணீரைப் பார்த்தபோதே குச்சிகளின் கூட்டம் என்ன சொல்கிறதென்று யோசித்திருக்க வேண்டும்.

அந்த நிறமி வெயிலின் கேட்டிலிருந்து செல்லைக் காப்பாற்றுகிறது. அளத்துக்கும் அதில் லாபம் உண்டு. சிவந்த தண்ணீர் வெயிலை அதிகம் உறிஞ்சும், சூடேறும், சீக்கிரம் வற்றும். அம்மா சொன்னது அடையாளம் மட்டும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அந்தச் சிவப்பு நிறம், உப்பு இறங்கவும் கைகொடுக்கிறது. எல்லா உயிரும் அப்படி நல்லது செய்வதில்லை. முந்தைய தெப்பங்களில் சில நீலப்பச்சைப் பாசிகள் அளவுக்கு மீறிப் பெருகினால் தண்ணீர் கோழை மாதிரி கெட்டியாகி, உப்பு பொடிப்பொடியாக இறங்கும். அந்த உப்புக்கு விலை இருக்காது.

இன்னொரு நிறமி இருக்கிறது, ஊதா நிறம், அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1971இல் ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கெனியஸ் இருவரும் ஹாலோபாக்டீரியத்தின் சவ்வில் பாக்டீரியோரோடாப்சின் என்ற புரதத்தைக் கண்டார்கள். அதற்குள் இருப்பது ரெட்டினால், நம் கண்ணின் விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் அதே பொருள். ஆக்சிஜன் குறையும்போது இந்தப் புரதம் வெயிலை வாங்கி, புரோட்டான்களை வெளியே தள்ளி, அதிலிருந்து செல்லுக்குச் சக்தி எடுத்துக்கொடுக்கும். பச்சையம் இல்லாமலே வெயிலில் பிழைக்கும் வித்தை. 1975இல் ஹென்டர்சனும் அன்வினும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இதன் வடிவத்தை எடுத்தார்கள், ஹென்டர்சனுக்கு 2017இல் வேதியியல் நோபல் கிடைத்தபோது அந்த வழியின் ஆரம்பப்புள்ளி இந்தப் புரதம்தான்.

9 ஏப்ரல் 2023

கருவாட்டில் ரோஸ் நிறம் பிடிப்பதும் இதுதானா என்று ஒருவர் கேட்டார். இதேதான். உப்புப் போட்டுக் காயவைத்த மீனில் ஈரம் முழுசாகப் போகாமல் மழைக்காலத்தில் மூடி வைத்தால் மேலே ரோஸ் பூத்த மாதிரி வரும், கொழகொழப்பும் வாடையும் கூடவே வரும். உப்போடு வந்த ஆர்க்கியாதான் மீனின் புரதத்தைத் தின்கிறது. எங்கள் வீட்டில் ஒரு கார்த்திகை மாதம் ஒரு கூடைச் சீலா கருவாடு அப்படிப் போனது. அம்மா அழுதது எனக்கு நினைவிருக்கிறது, அது ஒரு மாதத்துக் குழம்பு.

இது ஊருக்கு ஊர் உள்ள தொல்லை. கனடாவில் உப்பிட்ட கோட் மீன் சிவந்து நாசமானதால்தான் 1922இல் ஹாரிசனும் கென்னடியும் அதை ஆராய்ந்தார்கள், இன்றைக்கு ஹாலோபாக்டீரியம் சாலினாரம் என்று சொல்வது அவர்கள் அந்த மீனிலிருந்து விவரித்த உயிர்தான். தோல் பதனிடும் தொழிலிலும் உப்பிட்ட பச்சைத் தோலில் சிவப்புத் திட்டு விழுவதை ரெட் ஹீட் என்பார்கள், அதற்கும் காரணம் இந்தக் கூட்டம்.

முன்பு சாப்பிடலாம் என்று எழுதியது உப்பைப் பற்றி. ரோஸ் பிடித்த கருவாட்டைச் சாப்பிடாதீர்கள். அந்த ஆர்க்கியா விஷம் என்பதால் இல்லை. அது வளரும் அளவுக்கு ஈரமும் சூடும் இருந்திருந்தால் வேறு எதெதுவோ வளர்ந்திருக்கலாம்.

23 ஏப்ரல் 2023

உப்பிலேயே நிற்கிறீர்கள், கொதிதண்ணீரில் வாழ்பவற்றைப் பற்றி எழுதுங்கள் என்று இரண்டு பேர். சரி. அதில் ஒன்றோடு எனக்கு நேரடியாகவே பழக்கம் உண்டு.

2020இல் எங்கள் லேபில் கொரோனா டெஸ்ட். ஒரு நாளைக்கு இத்தனை என்று இல்லை, தூக்கம் இல்லை, கவச உடைக்குள் வியர்வை முழங்காலில் இருந்து ஷூவுக்குள் இறங்கும். ஆர்.டி.பி.சி.ஆர். கிட்டின் ஒரு சின்னக் குப்பியில் டாக் பாலிமரேஸ் இருக்கும், டி.என்.ஏ.வை நகலெடுக்கும் என்சைம் அது. மைனஸ் 20இல் வைத்து, எடுத்ததும் ஐஸில் வைத்து, சுண்டுவிரல் நகத்தளவு குழாயில் விடுவோம். மெஷின் 95 டிகிரிக்கு ஏற்றும், இறக்கும், மறுபடி ஏற்றும், ஒரு சாம்பிளுக்கு நாற்பது சுற்று. அந்தச் சூட்டில் நம் உடம்பின் எந்த என்சைமும் முட்டை மாதிரி வெந்துவிடும். டாக் வேகாது.

அதன் பெயரிலேயே அதன் ஊர் இருக்கிறது. அது வந்தது தெர்மஸ் அக்வாட்டிகஸிலிருந்து, இது ஆர்க்கியா இல்லை, உண்மையான பாக்டீரியா. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகளைத் தாமஸ் பிராக் 1960களில் ஆராய்ந்தார். அந்தச் சூட்டில் உயிர் இருக்காது என்று நம்பிய காலம். 1966இல் எடுத்த மாதிரியிலிருந்து அவரும் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் 70 டிகிரியில் செழித்து வளரும் இதை வளர்த்து, 1969இல் பெயரிட்டு வெளியிட்டார்கள். கேரி முல்லிஸ் 1983இல் டி.என்.ஏ.வைப் பல மடங்காக்கும் பி.சி.ஆர். யோசனையைப் பிடித்தபோது கையில் இருந்தது ஈகோலை என்ற குடல் பாக்டீரியாவின் பாலிமரேஸ், ஒவ்வொரு சுற்றிலும் அது வெந்துபோக, ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. தெர்மஸின் பாலிமரேஸை 1976லேயே சின்சினாட்டியில் பிரித்தெடுத்து வைத்திருந்தார்கள். அதைப் போட்டதும் வேலை மெஷின் கைக்கு மாறியது. முல்லிஸுக்கு 1993இல் நோபல்.

பிராக் தன் பாக்டீரியாவைச் சேமிப்பகத்தில் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டார், காசு எதுவும் பார்க்கவில்லை. 2021 ஏப்ரலில் காலமானார். அன்றைக்கும் நாங்கள் இரண்டாம் அலையின் சாம்பிள்களை ஓட்டிக்கொண்டிருந்தோம், எனக்கு அப்போது அவர் யாரென்றே தெரியாது. பின்னால் படித்து அறிந்தபோது வருத்தமாக இருந்தது. வெந்நீர் ஊற்றில் என்ன இருக்கிறது என்று எந்த லாபமும் எதிர்பார்க்காமல் ஒருவர் குனிந்து பார்த்ததில், அரை நூற்றாண்டு கழித்து உலகம் முழுக்க ஒரு டெஸ்ட் ஓடியது.

24 ஏப்ரல் 2023

உயிர் தாங்கும் சூட்டுக்கு உச்சவரம்பு எவ்வளவு? கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்றுதான் எங்களுக்குப் பாடம். 2003இல் காஷெஃபியும் லவ்லியும் பசிபிக் கடலடி வெந்நீர்ப் பிளவிலிருந்து எடுத்த ஒரு ஆர்க்கியா, அந்த 121 டிகிரியில் ஒரு நாளில் இரட்டிப்பானது. பெயரே ஸ்ட்ரெய்ன் 121. 2008இல் ஜப்பானியர்கள் இன்னொன்றை 122 டிகிரியில் வளர்த்தார்கள். அது கிடைத்தது நம் இந்தியப் பெருங்கடலின் நடு மேட்டில், கைரெய் என்ற கடலடி ஊற்றில். ஆழத்தின் அழுத்தத்தால் அங்கே தண்ணீர் அந்தச் சூட்டிலும் கொதிக்காது. ஆஸ்பத்திரிக் கருவிகளை நினைத்துப் பயப்பட வேண்டாம், இவை நம் உடம்புச் சூட்டில் குளிரில் விறைத்தது மாதிரிக் கிடக்கும், வளராது.

18 ஜூன் 2023

லோனார் ஏரியைப் பற்றிக் கேட்டவருக்கு. மகாராஷ்டிராவில் எரிகல் விழுந்து உண்டான பள்ளம் அது, உப்போடு காரமும் சேர்ந்த தண்ணீர், பி.எச். 10 வாக்கில். 2020 ஜூனில் ஏரி முழுக்க ரோஸாகியது. அப்போதும் முதலில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். புனேயின் அகார்க்கர் ஆய்வு நிறுவனம் சோதித்துப் பார்த்து உப்பு ஆர்க்கியா என்றது. வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு ஏறியதும் அவை பெருகின, மழை வந்து நீர்த்ததும் நிறம் போனது. நம் பாத்தியில் ஒவ்வொரு வருடமும் நடப்பது அங்கே ஏரி அளவில் நடந்தது.

சாக்கடல் நேர்மாறு. அங்கே ஒன்றும் வாழாது என்று பெயரே சொல்லிக்கொண்டிருந்தது. 1936இல் வோல்கானி என்ற ஆராய்ச்சியாளர் அதில் உயிர் இருப்பதைக் காட்டினார். அங்கே உப்போடு மெக்னீசியமும் ரொம்ப அதிகம், அதனால் பெருமழை பெய்து மேல்தண்ணீர் கொஞ்சம் நீர்த்தால்தான் சிவக்கும். 1980இலும் 1992இலும் அப்படிச் சிவந்தது.

மெக்னீசியம் என்றதும் நம் அளம் ஞாபகம் வருகிறது. உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் அதுதான் நிறைய, அதை நஞ்சோடை என்கிற வாய்க்காலில் திறந்து விடுவார்கள். அது பாத்தியிலேயே நின்றால் உப்பு கசக்கும். அதில் நின்றுதான் அம்மாவின் கால் வெடித்தது. இங்கே எல்லோரும் "இவ்வளவு கொடுமையான இடத்தில் எப்படி வாழ்கின்றன" என்று நுண்ணுயிரைப் பார்த்து வியக்கிறீர்கள், நானும்தான் வியக்கிறேன். அதே பாத்தியில் மனிதர்கள் வெறுங்காலோடு வாருபலகை இழுக்கிறார்கள், வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கருக்குகிறது, குடிக்கவும் கழுவவும் நல்ல தண்ணீர் பக்கத்தில் இல்லை. அம்மா வேலை பார்த்த இடத்தில் பூட்ஸும் கறுப்புக் கண்ணாடியும் கேட்டு வருடக்கணக்கில் கிடைக்கவில்லை. ஆர்க்கியாவுக்கு அந்த உப்பு வீடு. என் அம்மாவுக்கு இல்லை.

19 ஜூன் 2023

நேற்றைய குறிப்பு உப்பு ஆர்க்கியாவைப் பற்றிய பேச்சுக்குச் சம்பந்தமில்லை என்று ஒருவர் சொன்னார். சம்பந்தம் உண்டு, அதை எடுக்க மாட்டேன்.

6 ஆகஸ்ட் 2023

காய்ந்த கல்லுப்புக்குள்ளும் அவை உயிரோடு இருக்குமா? இருக்கும். நல்ல பெரிய கல்லுப்பு ஒன்றை எடுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். உள்ளே குட்டிக் குட்டிச் சதுரப் பைகள் தெரியும், படிகம் வளரும்போது அடைபட்ட உப்புநீர். ஆர்க்கியா அதற்குள் தங்கிவிடும். திருஷ்டி சுற்றிக் கல்லுப்பை அடுப்பில் போட்டால் படபடவென்று வெடிக்கிறதே, அந்தப் பைகளில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் பீறிடும் சத்தம் அது. கடை உப்பிலிருந்தே ஆர்க்கியாவை வளர்த்தெடுத்திருக்கிறார்கள்.

எவ்வளவு காலம் தாங்கும் என்பதில்தான் சண்டை. 2000இல் வ்ரீலேண்ட் குழுவினர் நியூ மெக்சிகோவின் 25 கோடி வருடத்து உப்புப் படிகத்திலிருந்து ஒரு பாக்டீரியாவை உயிர்ப்பித்ததாக நேச்சர் இதழில் எழுதினார்கள். அதன் மரபணு இன்றைய உயிர்களோடு அளவுக்கு மீறி ஒத்துப்போகிறது, வெளியிலிருந்து கலந்திருக்கும் அல்லது அந்தப் படிகத்துக்குள் தண்ணீர் பின்னால் புகுந்திருக்கும் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். நான் மறுப்பவர்கள் பக்கம். டி.என்.ஏ. அத்தனை காலம் பழுதில்லாமல் கிடக்கும் என்று நம்ப முடியவில்லை.

என் சொந்த முயற்சி தோற்றது. மார்ச்சில் கொண்டுவந்த தண்ணீரிலிருந்து கொஞ்சத்தை, தூள் உப்பு கரைத்த தண்ணீரில் விட்டு மொட்டை மாடியில் வைத்தேன். ஒரு மாதத்தில் நிறம் வெளுத்துவிட்டது. காரணம், சுத்திகரித்த உப்பில் மெக்னீசியம் கிட்டத்தட்ட இல்லை, தின்ன எதுவும் இல்லை. இரண்டாம் முறை அளத்துத் தண்ணீரிலேயே கொஞ்சம் ஈஸ்ட் சாறு போட்டு வைத்திருக்கிறேன்.

20 ஆகஸ்ட் 2023

மாடி பாட்டில் சிவந்துவிட்டது! பதினாலு நாள்.

இப்போது தேடுவது சதுர ஆர்க்கியாவை. 1980இல் வால்ஸ்பி சினாய் பக்கத்து உப்புக் குட்டையில் கண்டது, தபால் தலை மாதிரி தட்டையாக, நான்கு மூலையோடு. உலகின் உப்பளங்களில் நிறைய இருந்தும் 2004 வரை யாராலும் தனியாக வளர்க்க முடியவில்லை. உப்புப் படிகம் சதுரம் என்பதால் அதுவும் சதுரம் என்று ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டேன், தப்பு. மற்ற செல்கள் உள்ளழுத்தத்தால் பலூன் மாதிரி உருளும். இதற்குள்ளும் வெளியிலும் உப்பு சமமாக இருப்பதால் அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை, தட்டையாக இருக்க முடிகிறது.

27 டிசம்பர் 2023

பத்து நாளாகப் பதில் எழுத முடியவில்லை. 17, 18 தேதிகளின் மழை உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், அம்மாவை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அளங்களெல்லாம் ஒரே வெள்ளக்காடு, அம்பாரம் போட்டு ஓலையால் மூடிய உப்பு கரைந்து போய்விட்டது. மாடி பாட்டிலையும் காணவில்லை.

பாத்திகளில் இருந்த ஆர்க்கியா என்னவாகியிருக்கும் என்று ஒருவர் கேட்டார். என் ஸ்லைடில் ஒரு துளி தண்ணீர் செய்ததை மழை அளம் முழுக்கச் செய்திருக்கும். மிஞ்சியது எங்கே இருக்கும் என்றால், கரையாமல் தப்பிய உப்புக் கட்டிகளில், வரப்பு மண்ணின் உவரில், நிலத்தடி உவர்நீரில். இப்போதைக்கு எனக்கு அளத்துக்காரர்களைப் பற்றித்தான் கவலை. சேறு அள்ளி, வரப்பு கட்டி, பாத்தியை மறுபடி மிதித்து இறுக்க வேண்டும், அதுவரை கூலி இல்லை.

21 ஏப்ரல் 2024

இன்று அம்மாவை ஆட்டோவில் அளத்துக்குக் கூட்டிப்போனேன். அந்த அக்கா ஒரு பாத்தியைக் காட்டினார், இந்த வருடம் எல்லாமே தாமதம். அம்மாவுக்குக் கண்புரை, தூரம் தெரியாது. வரப்பில் உட்கார்ந்து "செவந்துட்டாட்டி?" என்றார். லேசாகத்தான் இருக்கிறது, காய்ந்த செம்பருத்தி நிறம் என்றேன். விரலை விட்டு நுனியில் தேய்த்துப் பார்த்தார். "இன்னும் நாலு நாளு ஆவும்" என்றார்.

26 ஏப்ரல் 2024

அக்கா போன் செய்தார். நேற்றிலிருந்து உப்பு இறங்குகிறதாம்.

28 ஏப்ரல் 2024

புதிய பாட்டில். கண்டென்சரைக் கீழே இறக்கிப் பார்த்தேன், குச்சிகள் இருக்கின்றன, போன வருடம் போல நெருக்கமாக இல்லை, ஆனால் நீந்துகின்றன. ஒரு மணி நேரம் தேடினேன். சதுரம் இன்னும் கண்ணில் படவில்லை. மீதித் தண்ணீரை ஈஸ்ட் சாறு போட்டு மாடியில் வைத்திருக்கிறேன், இந்த முறை தொட்டிச் சுவரோடு சேர்த்துக் கட்டி.